ரேகை விடுபட்ட இடம்

ஜூன் 4

தங்கச்சிக்கு,

போன் பண்ணினால் எடுக்க மாட்டாய். என் நம்பரை நீ அடைத்து வைத்திருக்கிறாய் என்பதை நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் தபால் ஆபீஸ் வரை நடக்க வேண்டும். உன் சோம்பலை நம்பி எழுதுகிறேன்.

சண்டைக்கு எழுதவில்லை. அப்பா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னைச் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். அப்பாவின் பாதத்தில் இருந்ததைக் காலாணி என்று நினைத்து, அது உறுத்தாமல் இருக்க ஷூவின் உள்அட்டையில் குழி வெட்டிக் கொடுத்தவன் நான்தான். வலி நின்றது, அதனால் அவர் டாக்டரிடம் போகவில்லை. புற்றுநோய் என்று தெரிந்தபோது அது தொடை வரை ஏறிவிட்டிருந்தது. இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. இரண்டு வருஷமாக மறுக்கவுமில்லை.

விஷயம் வாலுவைப் பற்றியது. உன் அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. நீ பார்த்தபோது என் இடுப்புக்கு இருந்தாள், இப்போது தோளுக்கு. தினமும் நீச்சல் பயிற்சிக்குப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஷூவுக்கு அளவெடுக்க அவளைப் பட்டறை ஸ்டூலில் உட்கார வைத்து வலது காலைத் தூக்கினேன். முன்பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடத்தில், தடித்துப்போய் ஒரு வட்டம். அதில் கறுப்பாக என்னவோ தெரிந்தது.

அதே கால். அதே இடம்.

"என்னப்பா பாக்கறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்லடி, அழுக்கு" என்றேன். அளவு நாடாவை மூன்று முறை வைத்தும் எனக்கு நம்பர் மனதில் நிற்கவில்லை. உன் அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. டாக்டரிடம் போக வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தால் வாசல்படி தாண்டக் கால் வரவில்லை.

நீ தோல் பிரிவில் பதினோரு வருஷமாக நர்ஸ். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளுக்காக எழுது.

அண்ணன்


ஜூன் 10

அண்ணா,

கடிதம் வந்தது. திருப்பி அனுப்பவில்லை. அதற்கு மேல் அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே.

முதலில் ஒன்று. நான் இங்கிருந்து எதைச் சொன்னாலும் ஒரு தோல் டாக்டர் அவள் காலை நேரில் பார்த்தே ஆக வேண்டும். அதில் பேரம் கிடையாது. அதுவரை நீ பயந்து சாகாமல் இருப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் வருகிறவர்கள் தோலில் எது முளைத்தாலும் மரு என்றுதான் சொல்வார்கள். எல்லாம் ஒன்றல்ல. விரல் முட்டியிலும் நகத்தோரத்திலும் சொரசொரவென்று பூக்கோசு மாதிரி வெடித்து நிற்பது சாதாரண மரு. முகத்தில் குண்டூசித் தலை அளவில் தட்டையாக, வழவழப்பாக ஒரே கூட்டமாக வருவது ஒரு வகை. ஷேவ் பண்ணுகிற ஆண்கள் அதை பிளேடாலேயே தாடை முழுக்க நட்டுவிட்டு வந்து நிற்பார்கள். உதட்டோரம், கண்ணிமையில் நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. பிள்ளைகளுக்கு முத்து மாதிரி பளபளவென்று, நடுவில் சின்னப் பள்ளத்தோடு வருமே, அது பாலுண்ணி. அதற்கு வேறு கிருமி. கழுத்தில் மெத்தென்று தொங்கும் தோல் துணுக்கு மருவே இல்லை. அண்ணிக்கு இருக்கிறது, அதைப் பார்த்து நீ அடுத்த கடிதம் எழுதாதே.

பாதத்தில் வருகிற மரு இவற்றில் எது மாதிரியும் இருக்காது. உடம்பின் பாரம் அதை உள்ளே அழுத்திவிடும். மேலே தோல் தடித்து மூடிக்கொள்ளும். அதனால்தான் ஊரில் பாதிப் பேர் அதைக் காலாணி என்று நினைக்கிறார்கள்.

காலைக் கழுவித் துடை. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார வை. லென்ஸ் வைத்துப் பார்த்து நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. தோல் ரேகைகள் அந்த வட்டத்தின் மேலே ஓடுகின்றனவா, இல்லை வட்டத்தோடு நின்றுபோகின்றனவா? காலாணி என்றால் ஓடும். நேராக அமுக்கினால் வலிக்கிறதா, இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிக்கிறதா? கறுப்பு என்றாயே, அது தனித்தனிப் புள்ளியா, ஒரே கறையா? ஓரம் ஒழுங்காக இருக்கிறதா? ரத்தம் வந்ததா? எத்தனை நாளாக? வேறு இடத்தில் உண்டா? வீட்டில் வேறு யாருக்காவது?

கத்தியை அதன் பக்கம் கொண்டு போகாதே. உன் கை எனக்குத் தெரியும்.

தங்கை


ஜூன் 15

தங்கச்சிக்கு,

நீ சொன்னபடி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். தையல் எண்ணிப் பார்க்கிற லென்ஸை எடுத்ததும் வாலு, "ஷூவுக்கு எதுக்குப்பா லென்ஸு? என்ன, எறும்புக்குத் தைக்கறீங்களா?" என்றாள். அத்தை கேட்டிருக்கிறாள் என்றேன். சட்டென்று காலை என் மடியில் போட்டுவிட்டாள். உன் பேரைச் சொன்னால் இந்த வீட்டில் இன்னும் வேலை நடக்கிறது.

நேராக அமுக்கியபோது முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான். பக்கவாட்டில் கிள்ளியதும் கத்திவிட்டாள். உன் அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு என்ன, எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. "ரெண்டு வாரமா நீங்க சாப்பிடாம எழுந்து போனது இதுக்கா?" என்று கேட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கறுப்பு தனித்தனிப் புள்ளிகள்தான். ஏழோ எட்டோ. மிளகுத்தூள் மாதிரி. வட்டம் சட்டைப் பட்டன் அளவு, ஓரம் வட்டமாகத்தான் இருக்கிறது. ரத்தம் வரவில்லை. நாலு மாதமாக இருக்கிறதாம், ஷூ கடிக்கிறது என்று நினைத்தாளாம். செருப்புத் தைக்கிறவன் மகள் அதை அப்பனிடம் சொல்லவில்லை, அப்பன் மனசு கஷ்டப்படுமாம். குதிகாலில் இன்னொரு சின்னது இருக்கிறது, கடுகளவு.

வீட்டில் வேறு யாருக்கும் எதுவும் இல்லை. எனக்கு மட்டும் வலது கட்டைவிரல் நகத்தோரம் மூன்று வருஷமாக ஒரு காய்ப்பு இருக்கிறது. அது தொழில் காய்ப்பு. தடித்துப் போனால் தோல் சீவுகிற கத்தியாலேயே சீவி விடுவேன்.

ரேகையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். அளவெடுக்கும்போது பாதத்தில் மை தடவிக் காகிதத்தில் அச்செடுப்போம் இல்லையா, அதை இந்தத் தடவை மெலிசாகத் தடவி எடுத்தேன். இதோடு வைத்திருக்கிறேன். ரேகையெல்லாம் அந்த வட்டம் வரை வந்து, அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. வட்டத்துக்குள் ஒரு கோடு கூட இல்லை.

நீ காலாணி என்றால் ரேகை ஓடும் என்றாய். ஓடவில்லை. அப்படியானால் இது காலாணி இல்லை. அதைப் பார்த்ததும் நான் செய்திருக்கக் கூடாத ஒன்றைச் செய்தேன். பீரோவின் அடியிலிருந்து அப்பாவின் பாத அச்சுகளை எடுத்தேன். மூன்று இருக்கின்றன, ஆறு மாதத்துக்கு ஒன்று. மூன்றிலும் அந்த இடத்தில் ரேகை இல்லை. ஒவ்வொன்றிலும் வெற்றிடம் பெரிதாகிறது. பக்கத்தில் என் கையெழுத்தில் "ஆணி. குழி பெரிதாக்கவும்" என்று எழுதியிருக்கிறது. நான் அதை அளந்திருக்கிறேன், தங்கச்சி. ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன்.

வாலுவின் அச்சை அவற்றின் பக்கத்தில் வைத்தபோது எனக்கு எல்லாம் ஒன்று போலவே தெரிந்தது. சீக்கிரம் எழுது.

அண்ணன்


ஜூன் 20

அண்ணா,

கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன், ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில். உட்கார்ந்து நிதானமாகப் படி.

அச்சு ஒன்றைத்தான் சொல்லும்: இது காலாணி இல்லை. அதற்கு மேல் அதனால் சொல்ல முடியாது. மருவும் ரேகையை ஒதுக்கிவிடும், அப்பாவுக்கு வந்த புற்றும் ஒதுக்கிவிடும். மைக்கு நிறம் தெரியாது. அதனால்தான் உனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. வித்தியாசம் நீ எழுதிய மற்ற வரிகளில் இருக்கிறது. தனித்தனி மிளகுப் புள்ளி என்றால் அது மருவுக்குள் போகிற பொடி ரத்தக்குழாய் அடைத்துப்போய்க் கறுத்தது. கிள்ளினால் வலி. வட்டமான ஓரம். பக்கத்திலேயே ஒரு குட்டி. நீச்சல் குளத்து ஈரத் தரையில் வெறுங்காலோடு திரிகிற பன்னிரண்டு வயதுப் பெண். நான் வார்டில் இதைப் பார்த்திருந்தால் மரு என்று மனதுக்குள் எழுதிவிட்டுத்தான் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.

அப்பாவுக்கு இருந்தது புள்ளி இல்லை. ஒரே கறை. ஓரம் கந்தல். ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் கறுப்பு, நடுவில் நீலம் தட்டியது. கடைசியில் கசிந்தது. வயதானவர் உள்ளங்காலில் புதிதாக அப்படி ஒரு கறை வந்து பெரிதாகிக்கொண்டே போனால் அதற்கு ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாது.

பன்னிரண்டு வயதில் அது வருவது மிக மிக அபூர்வம். ஆனாலும் இந்த வாரமே போ. தொண்ணூறு பங்கு தைரியம் நான் கொடுக்கிறேன், மீதியை டாக்டரிடம் வாங்கிக்கொள்.

அப்புறம், உன் காய்ப்பு. காய்ப்பாம். கத்திப்பிடி அழுந்துவது உள்ளங்கையில். நகத்தோரம் என்ன கத்தி பிடிக்கிறாய்? சொரசொரவென்று, நடுவில் கறுப்புப் பொடி தெரியும், சீவினால் ரத்தம் வந்து இரண்டு வாரத்தில் திரும்ப முளைக்கும், அப்படித்தானே? மூன்று வருஷமாக மருவைச் சீவிச் சீவி வளர்த்திருக்கிறாய். நீந்திவிட்டு வருகிற பிள்ளைக்கு யார் காலைப் பிடித்துவிடுவது? நீதான் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதில் எனக்கும் நீதான் பிடித்துவிடுவாய். குளத்திலிருந்தும் வந்திருக்கலாம், சத்தியம் பண்ண முடியாது. ஆனால் நான் நீதிபதியாக இருந்தால் உன்னைத்தான் முதலில் கூண்டில் ஏற்றுவேன்.

டாக்டரிடம் போனதும் எழுது. ஒரு வரி போதும்.

தங்கை


ஜூலை 1

தங்கச்சிக்கு,

மரு.

நீ கேட்ட ஒரு வரி அதுதான். மற்றது எனக்காக எழுதுகிறேன்.

டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். வாலுவின் காலைப் பிடித்து ஒரு விளக்கு வைத்த லென்ஸால் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் வரை நான் சுவரில் இருந்த காலண்டரில் எல்லாத் தேதியையும் படித்துவிட்டேன். பிறகு பிளேடால் மேல்தோலை இலேசாகச் சீவினார். ஊசிமுனை அளவில் நாலைந்து ரத்தப் பொட்டுகள் வந்தன. "இதோ பாருங்க, சாதாரண மருதான். சந்தேகமே இல்ல" என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. உன் அண்ணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்" என்றாள். அவர் சிரிக்காமல் இன்னொரு தடவை சொன்னார். நல்ல மனுஷி. நான் அங்கேயே அழுதுவிட்டேன். வாலுவுக்கு மானம் போய்விட்டது. "மருவுக்குப் போய் அழுவாங்களாப்பா" என்று வீடு வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

கிளம்பும்போது நான் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மாவின் கண் என் கட்டைவிரலில் போய் நின்றது. "உக்காருங்க" என்றார். அப்புறம் நடந்ததை உன் அண்ணி உனக்கு எழுதுவாள், நான் எழுத மாட்டேன். தீர்ப்பு நீ சொன்னதுதான்.

இப்போது தினமும் சாயங்காலம் அப்பனும் மகளும் வெந்நீரோடு உட்கார்கிறோம். அவள் கால் வாளியில், என் விரல் கிண்ணத்தில். கால்மணி நேரம் ஊறவைத்து, ஆளுக்கொரு அரத்தால் தேய்த்து, அமில மருந்தை அந்த இடத்தில் மட்டும் சொட்டுவிட்டு, பிளாஸ்திரி ஒட்டிக்கொள்கிறோம். மூன்று மாதம் ஆகலாம், பொறுமை வேண்டும் என்றார். அவள் என் அரத்தைத் தொட்டால் உன் அண்ணி சத்தம் போடுகிறாள். குளத்துக்கு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போகிறாள். அதை நான் தைக்கவில்லை, கடையில் வாங்கினேன். எனக்கு அதில் வருத்தம்தான், இருந்தாலும் சந்தோஷமாக வருத்தப்படுகிறேன்.

இவ்வளவு நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன், நீ உண்மையைச் சொல்ல வேண்டும். அப்பாவின் முதல் அச்சை இதோடு அனுப்புகிறேன். அன்றைக்கு அந்த இடம் பட்டாணி அளவுதான். அவர் காலை நான் கையில் பிடித்திருந்தேன். பழுப்பாக இருந்தது, தோல் சாயம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். பார்க்கத் தெரிந்த யாராவது அன்றைக்கு அதைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா? அப்பா பிழைத்திருப்பாரா? நீ என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அண்ணன்


ஜூலை 9

அண்ணா,

மரு என்ற ஒரு சொல்லைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். போகிற வருகிறவர்கள் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

உன் கேள்விக்குப் பதில் எழுத நாலு காகிதம் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீ அனுப்பிய அச்சில் தேதி இருக்கிறது. அதற்கு மூன்று வாரம் கழித்து அப்பா என் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கினார். நீ தைத்துக் கொடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். "உங்கண்ணன் பண்ணது, நடக்கறதே தெரியல" என்று பெருமை அடித்துக்கொண்டார். ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றி, "இதைக் கொஞ்சம் பாரும்மா. அண்ணன் ஆணிங்கறான்" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தேன். விளக்குப் போடவில்லை. கையால் தொடவில்லை. "ஆணிதாம்பா. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து காலாணி பிளாஸ்திரி கொண்டுவந்து நானே என் கையால் ஒட்டிவிட்டேன். அப்போதாவது குனிந்து பார்த்திருக்கலாம். வார்டுக்கு நேரமாகிறது என்று அவசரமாக ஒட்டினேன்.

நீ செருப்புத் தைக்கிறவன். உனக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நான் அப்போதே ஏழு வருஷமாகத் தோல் பிரிவில் இருந்தவள். பார்க்கத் தெரிந்த யாராவது என்று கேட்டாயே, அந்த ஆள் நான்தான். வராந்தாவில் உன்னைப் பார்த்து அத்தனை பேர் முன்னால் கத்தினேனே, நீ வாயைத் திறக்கவே இல்லை. நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் அன்றே கொட்டியிருப்பேன். உன் நம்பரை அடைத்தது உன் மேலிருந்த கோபத்தால் இல்லை. நீ ஒருநாள் கேட்டுவிடுவாய் என்ற பயத்தால்.

அன்றைக்கே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டாய். பிழைத்திருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல யாராலும் முடியாது. உன்னிடம் இனி பொய் சொல்ல மாட்டேன்.

நீ எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

தங்கை


ஜூலை 19

தங்கச்சிக்கு,

பட்டறையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்துவிட்டு ஒரு நல்ல தோலைக் குறுக்கே வெட்டிப் பாழாக்கினேன். அவ்வளவு கோபம். ரெண்டு வருஷம், தங்கச்சி. யாராவது பட்டறைக்கு வந்து "ஷூ உறுத்துது, கொஞ்சம் இடம் பண்ணிக் குடுங்க" என்றால் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். நாலு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் பாதி நீ சுமக்க வேண்டியது, நீயே எடுத்து என் தலையில் வைத்துவிட்டாய். இதை எழுதாமல் விட்டால் மனதில் இருக்கும். அதனால் எழுதிவிட்டேன்.

மூன்று நாள் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் உன் அண்ணி கடிதத்தை வாங்கிப் படித்தாள். அதை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "உங்க ரெண்டு பேர்கிட்டயும் அவர் காலைக் காட்டியிருக்காரு. ரெண்டு பேரும் வலிக்காம இருக்கத்தான் பாத்திருக்கீங்க" என்றாள். சாயங்காலம் வாலுவோடு கிண்ணத்தில் விரலை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது கோபத்தைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. களைப்புதான் இருந்தது, ஒரு நல்ல தூக்கம் வருகிற களைப்பு.

நேற்று பட்டறைக்கு ஒரு வேன் டிரைவர் வந்தார். கிளட்ச் மிதிக்கிற காலில் உறுத்துகிறது, உள்அட்டையில் குழி வேண்டும் என்றார். நான் திருப்பி அனுப்பவில்லை. காலைக் கழுவச் சொல்லி, ஜன்னலோரம் உட்கார வைத்து, மை தடவி அச்செடுத்தேன். ரேகை முழுசாக மேலே ஓடியது. அமுக்கினால் வலி, கிள்ளினால் இல்லை. கறை எதுவும் இல்லை. காலாணிதான். இருந்தாலும், "ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, அப்புறம் நான் வெட்டித் தர்றேன்" என்றேன். "என்னங்க, செருப்புக் கடையா ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வருவார். குழிக்கான அளவைக் குறித்து வைத்திருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அது பெரிய மனுஷத்தனமாக இருக்கிறது, எனக்கு வரவில்லை. உண்மையில் நடந்தது வேறு. அப்பாவின் காலைக் கையில் பிடித்தும் கோட்டை விட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அதைப் பற்றிப் பேச எனக்கு யாருமே இல்லாமல் இருந்தது. உன் அண்ணியிடம் பேசினால் ஆறுதல் சொல்வாள். எனக்கு ஆறுதல் வேண்டியதில்லை, அந்தக் காலை அதே மாதிரி பார்த்தும் தவறவிட்ட இன்னொரு ஆள் வேண்டியிருந்தது.

லீவு போட்டுவிட்டு வா. பத்து நாளாவது இரு. அப்பாவைப் பற்றி முழுசாகப் பேசி அழுதுவிட வேண்டும், நாம் இன்னும் அழவே இல்லை.

அண்ணன்